சனிக்கிழமைச் சிவப்புக் கட்டங்கள்

மூன்றாவது மாடியின் கடைசி வீட்டில் இருப்பவளுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் பாம்புக்காது. முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் பாம்புக்காது. அந்தக் காதுக்கு இது எட்டாமல் இருக்குமா என்று பெயர் வைத்தவர்கள் யோசிக்கவில்லை. எட்டியது. அவள் கோபப்படவில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். நாமும் அவளை அக்கா என்றே சொல்லிக்கொண்டு போவோம்.

வேலை இதுதான். விசாரணை மன்றங்களில் பேசுவதையெல்லாம் ஒலிப்பதிவு செய்து அனுப்புவார்கள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடி தட்டச்சு செய்து தர வேண்டும். காலடியில் தையல் மிஷினுக்கு இருப்பதுபோல் ஒரு பெடல். மிதித்தால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் பின்னுக்குப் போகும். சாட்சி இருமினால் அடைப்புக்குறிக்குள் (இருமல்) என்று போட வேண்டும். அழுதால் (அழுகிறார்). கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் நேரம் போனால் (மௌனம்). சேர்க்கவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அக்கா எழுதிக் கொடுத்ததில் ஒரு சொல் பிசகியது என்று இதுவரை எவரும் வாய் திறந்ததில்லை.

முன்பெல்லாம் இந்த வேலையை ஒரு பெரிய கூடத்தில் உட்கார்ந்து செய்தார்கள். வரிசையாக மேஜைகள், மேஜைக்கு ஒரு ஹெட்ஃபோன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிற பேச்சில் கூடமே இரையும். பிறகு நிர்வாகத்துக்கு ஞானோதயம் வந்தது. கூடத்தைக் காலி செய்து, ஆளுக்கொரு கம்ப்யூட்டரைக் கையில் கொடுத்து, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றார்கள். மற்றவர்களுக்குக் கொண்டாட்டம், அவர்கள் வீட்டில் ஆள் இருந்தார்கள். அக்காவின் வீட்டில் அம்மா மட்டும் இருந்தாள், அடுத்த மழைக்காலத்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

கல்யாணமா? அம்மாவின் நோயைப் பார்த்துக்கொண்டு இருந்ததில் அது தள்ளிப்போனது, இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனது, அப்புறம் கேட்பவர்களே ஓய்ந்துவிட்டார்கள். ஒரே தங்கை, வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டவள். வாரம் ஒருமுறை போன் செய்வாள். "சாப்பிட்டியா? முட்டி வலி எப்படி இருக்கு? சரிக்கா, இவர் வந்துட்டார், வெச்சுடறேன்." அந்த 'இவர்' எந்த வேலையில் இருக்கிறாரோ தெரியாது, அக்கா ஏதாவது சொல்ல வாயெடுக்கும் நேரத்துக்குச் சரியாக வீடு வந்து சேர்ந்துவிடுவார்.

ஆக, காலையிலிருந்து பொழுது சாயும்வரை அக்காவின் காதுக்குள் ஒரே கூட்டம். சொத்துக்கு அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி, சேர்ந்து வாழவே முடியாது என்று சாதிக்கும் புருஷன் பெண்டாட்டி, எல்லாரையும் அதட்டும் வக்கீல். அத்தனை குரலில் ஒன்றாவது அவளைப் பார்த்துப் பேசியதா என்றால் இல்லை. ஹெட்ஃபோனைக் கழற்றினால் வீடு வெறிச்சென்று இருக்கும். சில நாள் சாயங்காலம் தொண்டையைச் செருமிப் பார்ப்பாள், குரல் இருக்கிறதா என்று.

இப்படி இருக்கும்போதுதான் பெடலை மிதித்தும் குரல் வரத் தாமதமாகியது. மிதிப்பாள், கம்ப்யூட்டர் கொட்டாவி விடும், அப்புறம் போனால் போகிறது என்று வக்கீல் பேசுவார். தெருமுனையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை உண்டு. கடைக்காரன் நாற்பதைத் தாண்டியவன், முன்வழுக்கை, தோளில் எப்போதும் ஒரு கறுப்புப் பை. போன் செய்ததும் வந்தான். அவன் இவளை அக்கா என்றான், இவள் அவனைத் தம்பி என்றாள். உறவு ஏற்படுத்திக்கொள்ள நம் மொழியில் அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

தம்பி உள்ளே நுழைந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "டிஸ்க் சிதறிக் கிடக்குக்கா. நீங்க பெரிய பெரிய ஆடியோவா ஏத்தறீங்க, முடிஞ்சதும் அழிக்கறீங்க. அழிச்ச இடத்துல அங்கங்க காலி. அடுத்தது வரும்போது மொத்தமா உக்கார இடம் இல்ல."

"இடம் இல்லைன்னா?"

"நெரிசல் பஸ்ல ஒரு குடும்பம் ஏறுதுன்னு வெச்சுக்கங்க. அப்பா முன்னாடி, அம்மா நடுவுல, பசங்க கடைசி சீட்டுல. டிக்கெட் பார்க்கறவர் அங்கயும் இங்கயும் ஓடணும் இல்லையா? அந்த மாதிரி உள்ள ஒரு முள்ளு ஓடிட்டே இருக்கு. எல்லாரையும் ஒரே வரிசையில உக்கார வெச்சுட்டா ஓட்டம் குறையும். அதுக்குப் பேர்தான் டிஃப்ராக்."

சொல்லிவிட்டு ஒரு நிரலை ஓடவிட்டான். திரை முழுக்கப் பொடிப் பொடியாகக் கட்டங்கள். சிதறிக் கிடப்பது சிவப்பு, அடுக்கியது நீலம். சிவப்பு ஒன்று மறையும், எங்கோ நீலம் ஒன்று முளைக்கும்.

"இது முடியற வரைக்கும் மிஷினைத் தொடாதீங்க. நல்ல நேரம் ஆகும். நான் போயிட்டு அப்புறமா வரட்டுமா?"

"எங்க போறீங்க? உக்காருங்க, டீ போடறேன்."

அன்று அம்மாவின் நாற்காலி மறுபடி ஒரு ஆளைச் சுமந்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டங்கள் நிறம் மாறுவதைப் பார்த்தபடி டீ குடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் தம்பி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தன் பெரிய பெண் தன்னோடு பேசுவதில்லை என்றான். படிப்பு விஷயத்தில் ஒருநாள் கை நீட்டிவிட்டானாம். அக்காவும் திரையைப் பார்த்தபடியே, அம்மா கடைசி நாட்களில் தன்னை யாரோ நர்ஸ் என்று நினைத்து நன்றி சொல்லிக்கொண்டிருந்ததைச் சொன்னாள். தங்கையிடம்கூடச் சொல்லாத விஷயம் அது. சிவப்பெல்லாம் தீர்ந்ததும் தம்பி பையைத் தூக்கிக்கொண்டு, "மாசம் ஒருதடவை பண்ணிட்டா நல்லதுக்கா" என்றான். மாதத்தின் முதல் சனிக்கிழமை என்று ஏற்பாடாயிற்று.

அக்காவின் நாள்காட்டியில் அதற்கப்புறம் மாதத்துக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில் அலுவலகம் மண்ணைப் போட்டது. பழைய கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு வேறு ஒன்று அனுப்பினார்கள். அதை மாட்டிக் கொடுக்க வந்த தம்பி, நல்ல செய்தி சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னான்.

"இனிமே இதுக்காக நான் வர வேண்டியதில்லக்கா. இப்ப வர்ற சிஸ்டமெல்லாம் வாரா வாரம், நீங்க சும்மா விட்டு வெச்சிருக்கற நேரமாப் பார்த்து, தானே அடுக்கிக்கும்."

"தானாவா?"

"தானாவேதான். உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது."

அக்கா அம்மாவின் நாற்காலியைப் பார்த்தாள். ஆனால் வாய் என்னவோ "அப்படியா, ரொம்ப சௌகரியம்" என்றது.

கேட்ட சொல்லில் ஒரு எழுத்தை மாற்றாதவள், அந்த வாரமே களவாணி வேலையில் இறங்கினாள். கம்ப்யூட்டரின் அமைப்புகளைத் துழாவி, தானே அடுக்கிக்கொள்ளும் அந்த ஏற்பாடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அணைத்து வைத்தாள். அது போதவில்லை. புதிய சிஸ்டம் கொஞ்சம் விவரமானது, பெரிய ஆடியோ வந்தால் பெரிய காலியிடமாகப் பார்த்துக் குடியமர்த்திவிடும். சிவப்புக்கு வழி வேண்டுமே! தம்பி பஸ்ஸை வைத்துச் சொன்ன பாடத்தையே அக்கா திருப்பிப் போட்டாள். டிஸ்க் மூச்சு முட்டும் அளவுக்குச் சின்னச் சின்ன ஆடியோக்களை நகல் எடுத்து நிரப்புவாள். பிறகு ஒன்று விட்டு ஒன்று அழிப்பாள். அந்தப் பொந்துகளில் ஒரு பெரிய விசாரணையை ஏற்றுவாள். அது துண்டு துண்டாகத்தான் உட்கார்ந்தாக வேண்டும். விருந்தாளி வருமுன் வீட்டை ஒழுங்கு பண்ணுகிறவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் உட்கார்ந்து மெனக்கெட்டுக் கலைத்து வைத்தவள் அக்கா ஒருத்திதான்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் மட்டும், அணைத்து வைத்த ஏற்பாட்டை மறுபடி போட்டுவிடுவாள், தம்பி பார்த்தால் சந்தேகம் வரக்கூடாதில்லையா. அப்புறம் போன். "தம்பி, மறுபடி மந்தமா இருக்கு."

அவன் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிவான். "எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா ஒரே சிவப்பா இருக்கே. உங்க மிஷினுக்கு மட்டும் என்னக்கா சாபம்?"

"என் ராசி அப்படி" என்பாள் அக்கா, அடுப்பைப் பற்றவைக்கப் போகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இரண்டு வருடத்துக்கு மேல் இந்த நாடகம் ஓடியது. பெரிய பெண் ஹாஸ்டலுக்குப் போனது, போகும்போது அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனது, தம்பி கடையில் உட்கார்ந்து அழுதது எல்லாம் அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்கு ஒருகாலத்தில் ஒரு வரன் கூடிவந்ததும், அவரை அவளுக்குப் பிடித்திருந்ததும் தம்பிக்குத் தெரியும். எல்லாம் அந்தக் கட்டங்களைப் பார்த்தபடி பேசியதுதான்.

வாராவாரம் நிரப்பி அழித்து, நிரப்பி அழித்து, டிஸ்க் எத்தனை நாளைக்குப் பொறுக்கும்? உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. அடுத்த வீட்டில் ஸ்பூன் விழுந்தால் கேட்கும் காது, தன் மேஜைக்கடியில் வந்த சத்தத்தை மட்டும் கேட்காததுபோல் இருந்தது. கடைசியில் ஒரு புதன்கிழமை, சாட்சி ஒருவர் "அன்னிக்கு நான் பார்த்தது என்னன்னா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. அணைத்துப் போட்டால் எழும், சற்று ஓடும், மறுபடி நிற்கும். அந்த விசாரணையை மறுநாள் கொடுத்தாக வேண்டும்.

தம்பி ஓடிவந்தான். வந்த அவசரத்தில் முதலில் திறந்து பார்த்தது தானே அடுக்கிக்கொள்ளும் அந்த ஏற்பாட்டைத்தான். புதன்கிழமையாயிற்றே, அது அணைந்து கிடந்தது. அக்கா அதை மறந்தே போயிருந்தாள்.

"இதை யாருக்கா ஆஃப் பண்ணது?"

"கை பட்டிருக்கும்."

நாலு திரை தாண்டிப் போய்த்தான் அதை அணைக்க முடியும், கை படுவதற்கு அங்கே வழியே கிடையாது. தம்பி அதற்கடுத்து டிஸ்கில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தான். நகல், நகலின் நகல், நகலின் நகலின் நகல் என்று வரிசை நீண்டுகொண்டே போயிற்று. அக்கா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். எதிர்வீட்டு மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை ஒன்று விடாமல் பார்த்தாள்.

நல்ல வேளை, தேவையான ஆடியோக்கள் பிழைத்தன. எல்லாவற்றையும் தம்பி ஒரு புதிய டிஸ்குக்கு மாற்றி மாட்டினான். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு தட்டைப் பெட்டி.

"இது வேற ரகம்க்கா. இதுல சுத்தறதும் இல்ல, ஓடற முள்ளும் இல்ல. யார் எங்க உக்காந்திருந்தாலும் பேரைச் சொன்ன உடனே கை தூக்கிடுவாங்க. சிதறிக் கிடந்தாலும் ஒண்ணுதான், சேர்ந்து இருந்தாலும் ஒண்ணுதான்."

"அப்ப மாசாமாசம் அடுக்கறது?"

"இதை அடுக்கவே கூடாது. அடுக்கினா வீணா தேய்மானம்தான், ஒரு பிரயோஜனமும் இல்ல." பழைய டிஸ்கைக் கையில் எடுத்தான். "இதைத் தூக்கிப் போட்டுடவா?"

"இருக்கட்டும். அந்த டிராயர்ல வெச்சுடுங்க."

புதிய டிஸ்க் பறந்தது. பெடலில் கால் பட்டதும் குரல் வந்தது. சத்தமே இல்லை, சூடு இல்லை, கொட்டாவி இல்லை. முதல் சனிக்கிழமை வந்தபோது பழக்கதோஷத்தில் அக்கா இரண்டு பேருக்கு டீ போட்டுவிட்டாள். ஒன்றைக் குடித்தாள். மற்றதைச் சூடு பண்ணிச் சாயங்காலம் குடித்தாள். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை என்பது படுக்கப் போகும்போதுதான் நினைவுக்கு வந்தது, தங்கைகூட அந்த வாரம் மறந்துவிட்டிருந்தாள்.

அடுத்த வாரம் தம்பியே போன் செய்தான். "என்னக்கா, மிஷின் எப்படி ஓடுது?"

ஒரு சொல் போதும். மந்தமா இருக்கு தம்பி என்றால் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

வேறு யாராவது இதைத் தட்டச்சு செய்திருந்தால் இந்த இடத்தில் (மௌனம்) என்று போட்டிருப்பார்கள்.

"நல்லா ஓடுது தம்பி. ஒரு குறையும் இல்ல" என்றாள் அக்கா. பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, "அன்னிக்குக் கை படல. நான்தான் ஆஃப் பண்ணி வெச்சேன். அந்த நகலெல்லாம் நான்தான் போட்டேன். நீங்க வரணும்னு. உங்களைக் கூப்பிட எனக்கு வேற வழி தெரியல."



"சொல்லியிருந்தா சும்மாவே வந்திருப்பேனேக்கா" என்றான் தம்பி. "இந்தச் சனிக்கிழமை வரேன்."

வருவேன் என்று சத்தியம் செய்துவிட்டு வராமல் போனவர்களை அக்கா எத்தனையோ பதிவுகளில் கேட்டிருக்கிறாள். இந்தக் குரலில் பொய் இல்லை.

சொன்னபடி வந்தான். கறுப்புப் பை இல்லை. இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம். விருந்தாளியாக வருகிறானே என்று அக்கா நாற்காலிகளை எதிரும் புதிருமாகப் போட்டு வைத்திருந்தாள்.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்க்கா. உங்களுக்கு முட்டி வலி?"

"பரவாயில்ல."

டீ குடித்தார்கள். பிஸ்கட் சாப்பிட்டார்கள். தம்பி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் மடியில் வைத்தான், அப்புறம் நாற்காலிக் கைப்பிடியில் வைத்தான். அக்கா, "பொண்ணு பேசறாளா?" என்று கேட்டாள். போன மாதம்வரை சாதாரணமாகக் கேட்ட கேள்வி, இன்று முகத்துக்கு நேரே கேட்டபோது வக்கீல் கேட்பதுபோல் அவள் காதிலேயே விழுந்தது. தம்பி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு, "ம்" என்றான். ஆம் என்றா இல்லை என்றா, பாம்புக்காதுக்கே பிடிபடவில்லை. இத்தனை நாள் மனசைக் கொட்டிப் பேசிய இரண்டு பேர், எதிரெதிரே உட்கார்ந்ததும் ஒருவரை ஒருவர் இன்றுதான் பார்ப்பவர்கள்போல் ஆகிவிட்டார்கள். சுவரில் பல்லி ஒன்று ஓடியது, இருவரும் நன்றியோடு அதைப் பார்த்தார்கள். பல்லி ட்யூப்லைட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

தம்பி எழுந்தான். "அப்ப நான் கிளம்பறேன்க்கா. இன்னொரு நாள் வரேன்."

இதை மட்டும் அக்காவின் காது தெளிவாகக் கேட்டது. இது போனில் சொன்ன 'வரேன்' இல்லை. இது தங்கையின் 'வெச்சுடறேன்' வகையைச் சேர்ந்தது. அவன் கெட்டவன் இல்லை, ஆனால் இனி வரமாட்டான். செருப்பை மாட்டிவிட்டால் முடிந்தது.

அக்கா விறுவிறுவென்று போய் டிராயரைத் திறந்தாள்.

"தம்பி, இந்தப் பழைய டிஸ்கை வெளியில இருந்து மாட்ட முடியுமா?"

"கேபிள் போட்டா முடியும். ஆனா இதுல என்னக்கா இருக்கு? எல்லாத்தையும் அன்னிக்கே மாத்திட்டேனே."

"இருக்கட்டும். உள்ள எல்லாம் சிதறித்தானே கிடக்கு?"

தம்பி அவளைப் பார்த்தான். டிஸ்கைப் பார்த்தான். அந்த எதிரெதிர் நாற்காலிகளையும் ஒருமுறை பார்த்தான். படியிறங்கிப் போனான். அக்கா டிஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். திரும்பி வந்தபோது அவன் கையில் கேபிள் இருந்தது, தோளில் கறுப்புப் பையும் இருந்தது. ஒரு கேபிளுக்கு அந்தப் பை எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. நாற்காலிகளைத் திருப்பிப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள்.

பழைய டிஸ்க் மேஜைமேல் 'டிக்' என்று எழுந்தது. திரை முழுக்கச் சிவப்பு. தம்பி நிரலை ஓடவிட்டுப் பின்னால் சாய்ந்தான். ஒரு சிவப்பு மறைந்தது, ஒரு நீலம் முளைத்தது.

"பெரிய பொண்ணு நேத்து போன் பண்ணாக்கா" என்றான் தம்பி, திரையைப் பார்த்துக்கொண்டே. "அம்மா இருக்காளான்னு கேட்டா. இல்லைன்னேன். உடனே வெச்சுடுவான்னு நினைச்சேன், வெக்கல. எதுவும் பேசவும் இல்ல. ரெண்டு பேரும் சும்மாவே இருந்தோம்."

"பேசாம இருந்தா என்ன, வெக்கலையே" என்றாள் அக்கா, அவளும் திரையைப் பார்த்துக்கொண்டே.

டிஸ்க் இடைவிடாமல் சத்தம் போட்டது. அன்றைக்குக் கேட்காததுபோல் இருந்த காது இன்று ஒவ்வொன்றையும் கேட்டது.

"இது இன்னும் எத்தனை தடவை தாங்கும் தம்பி?"

"சொல்ல முடியாதுக்கா. ஏற்கெனவே அடிபட்டது. ஓட்ட ஓட்டத் தேயும்."

அக்கா தலையை ஆட்டினாள். அதற்கு மேல் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. வேறு என்னென்னவோ பேசினார்கள். திரையில் பாதி நீலமானபோது தம்பி கையை நீட்டி நிரலை நிறுத்தினான்.

"இன்னும் முடியலையே" என்றாள் அக்கா.

"இன்னிக்கு இது போதும்க்கா. மீதியை அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

அவன் இறங்கிப் போகும் காலடியை அக்கா கதவோரம் நின்று கேட்டாள். இரண்டாவது மாடி, முதல் மாடி, கீழ்வாசல், அதற்கப்புறம் தெருவின் மற்றக் காலடிகளோடு அது கலந்துவிட்டது. கேபிளைக் கழற்றி, டிஸ்கை ஒரு பழைய துண்டில் சுற்றி டிராயரில் வைத்தாள். வருகிற வெள்ளிக்கிழமை எதையும் கலைக்க வேண்டியதில்லை. பாதிச் சிவப்பு அப்படியே இருந்தது.